சொன்ன நேரத்துக்குக் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆவது எப்படி?

சாயங்காலம் ஷட் டவுன் செய்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், மறுநாள் காலையில் யாரும் பட்டனைத் தொடாமல் தானே ஆன் ஆகுமா? ஆகும். இதற்கென்று தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்று கடைகளிலும் பள்ளிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கடலூர் பக்கம் இது யாருக்கெல்லாம் உதவும் என்று யோசித்தால் பட்டியல் நீளமாகவே வருகிறது. மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. கடையைத் திறக்கும் முன்பே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகி, பிரிண்டரைக் கண்டுபிடித்து, மூச்சு வாங்கி நிற்பதற்குள் அந்த நாலு பேரில் இரண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். புதுச்சேரியில் பள்ளிக்கூட லேப் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இருபது முப்பது கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாக ஆன் செய்து, அப்டேட் முடியக் காத்திருந்தால் முதல் பீரியடில் பாதி போய்விடும். தெருமுனைக் கோயிலில் மார்கழி மாதம் விடியற்காலை பாட்டுப் போட வேண்டும். அதற்காகப் பனியில் நாலரை மணிக்கு ஒருவர் வந்து பட்டனை அழுத்தத் தேவையில்லை. கணக்கு எழுதும் கடைகளில் இரவில் தானே ஆன் ஆகி, பேக்கப் எடுத்துவிட்டு, தானே அணைந்துகொள்ளும்படியும் வைக்கலாம்.

செட்டிங் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் வேலை செய்யும், இன்னொரு நாள் செய்யாது, ஏன் என்று புரியாது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது உள்ளே எது விழித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எல்லாக் கோளாறுக்கும் காரணம் கையில் கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

அணைத்த பிறகும் விழித்திருப்பது எது?

ஷட் டவுன் கொடுத்ததும் மானிட்டர் இருண்டுவிடும், ஃபேன் நின்றுவிடும். ஆனால் சுவரில் ஸ்விட்ச் போட்டே இருந்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைந்துவிடவில்லை. சிபியு பெட்டிக்குள் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கிறது. அதிலிருந்து மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய அட்டைக்கு, போகும் ஒயர்க் கட்டில் ஊதா நிற ஒயர் ஒன்று இருக்கும். மற்ற ஒயர்களில் மின்சாரம் நின்றுபோன பிறகும் இந்த ஒன்றில் மட்டும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை பவர் என்று பெயர். ஷட் டவுன் செய்த பிறகும் சில மவுஸ்களில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். நெட் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதெல்லாம் இந்த 5 வோல்ட்டின் வேலைதான்.

எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு? நாம் முன்பக்கம் அழுத்தும் பவர் பட்டன் கரண்டை நேரடியாக இணைப்பதில்லை. ‘ஆன் ஆகு’ என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சைகையைக் கவனிக்க மதர்போர்டில் ஏதாவது ஒரு பகுதி விழித்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பகுதிக்குத்தான் ஊதா ஒயர் தீனி போடுகிறது. சைகை வந்ததும் மதர்போர்டு இன்னொரு ஒயர், பச்சை நிற ஒயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உத்தரவு கொடுக்கிறது. உடனே முழு மின்சாரமும் பாய்ந்து ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறது.

இந்த அமைப்பு 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற வடிவமைப்போடு பரவியது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களில் பவர் பட்டன் நம் வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரி கரண்டையே துண்டித்துவிடும். அவற்றைத் தானாக ஆன் ஆக வைக்க வழியே கிடையாது. ஏடிஎக்ஸ் வந்த பிறகு, ஆன் செய்வது என்பது மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. விரல் கொடுக்கிற சைகையை ஒரு கடிகாரமும் கொடுக்கலாம்.

அந்தக் கடிகாரம் மதர்போர்டிலேயே இருக்கிறது. ஆர்டிசி என்று சொல்வார்கள். சிபியு பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக, வெள்ளியாகப் பளபளக்கும் பேட்டரி ஒன்று தெரியும். சிமாஸ் பேட்டரி என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதன் மேல் சிஆர்2032 என்று அச்சடித்திருக்கும். அதில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட் கொடுக்கும். கரண்ட் முழுதாகத் துண்டிக்கப்பட்டாலும் கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான்.

கடிகாரத்தின் நாடித்துடிப்பு ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகத்திலிருந்து வருகிறது. அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இப்படி ஒரு விநோதமான எண்? 32,768ஐ இரண்டால் வகுத்து, வந்த விடையை மறுபடி இரண்டால் வகுத்து, இப்படிப் பதினைந்து முறை செய்தால் சரியாக 1 வரும். இரண்டால் வகுப்பது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. அதனால் மிகச் சின்னச் சுற்று ஒன்றே விநாடிக்கு ஒரு துடிப்பைத் துல்லியமாகக் கொடுத்துவிடுகிறது. நம் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான். இந்த வகைப் படிகம் நாளொன்றுக்கு ஓரிரு விநாடி முன்பின் ஆகலாம். காலையில் ஆன் ஆக வேண்டிய கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரிலேயே மோட்டரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் அலாரமும் உண்டு. இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை விநாடி என்று எழுதிவைத்தால், அந்தச் சில்லு ஒவ்வொரு விநாடியும் ஓடும் நேரத்தை எழுதிவைத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் மணி அடிப்பதைப் போல ஒரு சைகை கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் அன்று அந்தச் சைகை பயன்பட்டது. ஏடிஎக்ஸ் வந்த பிறகு அதே சைகை, அணைந்த கம்ப்யூட்டரை எழுப்பவும் பயன்பட ஆரம்பித்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாணயப் பேட்டரியால் நேரத்தை மட்டும்தான் காப்பாற்ற முடியும். கம்ப்யூட்டரை எழுப்ப அதற்குச் சக்தி கிடையாது. எழுப்புவதற்கு அந்த 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் வேண்டும். அது சுவர் பாயின்ட்டிலிருந்து வருவது. சுவர் கரண்ட் இல்லாவிட்டால் காரியம் நடக்காது. பேட்டரி தீர்ந்திருந்தால், ஒருமுறை கரண்ட் போனாலே நேரம் தப்பிவிடும்.

ராத்திரி மெயினை அணைக்கும் பழக்கம்

ஜெராக்ஸ் கடை அக்கா ஒருவருக்கு, காலை ஆறு மணிக்கு ஆன் ஆகும்படி இதைச் செட் செய்துகொடுத்தேன். மறுநாள் காலையில் போன்.

“தம்பி, நீ சொன்ன மாதிரிதான் எல்லாம் இருக்கு. வந்து பார்த்தா கம்ப்யூட்டர் அப்படியே கெடக்கு.”

“ராத்திரி பூட்டும்போது மெயினை அணைச்சீங்களாக்கா?”

“அணைக்காம? எலி ஒயரைக் கடிச்சு வெச்சு, கடை பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பூட்டிய கடைக்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் மெயினை அணைத்தால் ஊதா ஒயரில் மின்சாரம் இல்லை. கடிகாரம் ஆறு மணியைச் சரியாகக் கடந்து போகும், ஆனால் எழுப்ப ஆள் இருக்காது. நம் ஊரில் தானாக ஆன் ஆகாமல் போவதற்கு முதல் காரணம் இந்தச் சுவர் ஸ்விட்ச்தான். பயாஸிலும் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) விண்டோஸிலும் தேடிப் பயனில்லை.

இதற்கு வழி இருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி லைன் போட்டு, அதற்குத் தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானே விழும் ஸ்விட்ச்) வைத்துவிட வேண்டும். ஜெராக்ஸ் மிஷின், ஃபேன், லைட் எல்லாவற்றையும் ராத்திரியில் அணைத்துவிடலாம். இந்த ஒரு லைன் மட்டும் இருக்கட்டும். ஒயரைப் பைப்புக்குள் விட்டால் எலித் தொல்லையும் குறையும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகி, அந்தப் பாக்ஸின் ஸ்விட்சை அணைப்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும்.

கரண்ட் பில் ஏறுமே என்று சிலர் கேட்பார்கள். ஸ்டாண்ட்பையில் ஒரு வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் இரவு பகலாக ஓடினாலும் 0.72 யூனிட். இரண்டு மாத பில்லில் ஒன்றரை யூனிட்கூட வராது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்போது கடிகாரம் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே ஓடும், நாணயப் பேட்டரி செலவாவதில்லை. தினமும் மெயினை அணைக்கும் இடங்களில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவது இதனால்தான்.

பேட்டரி தீர்ந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வரும், ஏனென்றால் தேதி தப்பாக இருந்தால் தளத்தின் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ தெரியும். தேவனாம்பட்டினம், முதுநகர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் இன்னொன்றையும் பாருங்கள். உப்புக் காற்றில் பேட்டரி உட்காரும் உலோகக் கிளிப்பில் துரு ஏறிவிடும். புதுப் பேட்டரி போட்டும் தேதி நிற்கவில்லை என்றால் கிளிப்பைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பயாஸில் நேரத்தை வைப்பது

முழுதாக ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டரை எழுப்ப, நேரத்தைப் பயாஸில் வைக்க வேண்டும். ஆன் செய்த உடனே, விண்டோஸ் வருவதற்கு முன்பே கீபோர்டில் ஒரு குறிப்பிட்ட பட்டனை விட்டு விட்டு அழுத்தினால் பயாஸ் திறக்கும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டெலீட் பட்டன், டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் பெரும்பாலும் எஃப்1.

உள்ளே போனதும் பவர் அல்லது பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியைத் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அசூஸ் போர்டில் ‘பவர் ஆன் பை ஆர்டிசி’, கிகாபைட்டில் ‘ரெஸ்யூம் பை அலாரம்’, எம்எஸ்ஐயில் ‘ரெஸ்யூம் பை ஆர்டிசி அலாரம்’, டெல்லில் ‘ஆட்டோ ஆன் டைம்’, எச்பியில் ‘பயாஸ் பவர் ஆன்’, லெனோவோவில் ‘வேக் அப் ஆன் அலாரம்’. ஆர்டிசி, அலாரம், ஆட்டோ ஆன் இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் அதுதான் இடம்.

அங்கே தேதி, மணி, நிமிடம், விநாடி கேட்கும். மணி 24 மணிக் கணக்கில் இருக்கும், அதனால் சாயங்காலம் 6 மணிக்கு 18 என்று போட வேண்டும். தேதி இடத்தில்தான் பலர் குழம்புவார்கள். அங்கே 5 என்று போட்டால் மாதத்தில் 5ஆம் தேதி மட்டும் ஆன் ஆகும். தினமும் வேண்டும் என்றால் பல போர்டுகளில் 0 போட வேண்டும். டெல், எச்பி போன்ற அலுவலகக் கம்ப்யூட்டர்களில் கிழமையையே தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இதுதான் வசதி, ஞாயிற்றுக்கிழமை வீணாக ஓடாது.

அதே பக்கத்தில் ‘இஆர்பி’ என்று ஒரு செட்டிங் இருந்தால் அதை டிஸேபிள் செய்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அணைத்துவைத்த சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைத்தது. 2010இல் ஒரு வாட், 2013இலிருந்து அரை வாட். அந்த வரம்புக்குள் வர, மதர்போர்டு ஸ்டாண்ட்பை மின்சாரத்தின் பெரும்பகுதியைத் துண்டித்துவிடும். அதோடு எழுப்பும் வசதியும் போய்விடுகிறது. இது எனேபிள் ஆகியிருந்தால் சில போர்டுகளில் அலாரம் செட்டிங்கே கண்ணில் படாது. வசதியே இல்லை என்று கைவிடுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாலரைக்கு வைத்தது பத்து மணிக்கு ஏன்?

இது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருப்பவர்களுக்கு. பள்ளிகளிலும், விண்டோஸ் வாங்கப் பணம் இல்லாத இடங்களிலும் லினக்ஸ் நிறைய ஓடுகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மதர்போர்டுக் கடிகாரத்துக்கு இந்தியா எது, லண்டன் எது என்று தெரியாது. கொடுத்த நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகும். விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் நம் உள்ளூர் நேரத்தையே வைக்கிறது. லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை வைக்கிறது. திரையில் காட்டும்போது மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. பயாஸுக்கு இந்தக் கூட்டல் தெரியாது.

கோயில் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டிருக்கிறது. பயாஸில் அலாரம் 4:30 என்று வைத்தால், கடிகாரத்தில் 4:30 ஆகும்போது நமக்கு மணி காலை 10. பூஜை முடிந்து, பொங்கல் கொடுத்து, நடை சாத்தப்போகும் நேரத்தில் பாட்டு ஆரம்பிக்கும். காலை நாலரைக்கு வேண்டும் என்றால் அதில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, 23:00 என்று வைக்க வேண்டும். இதில் இன்னொரு நுணுக்கம், அந்த 23:00 முந்தைய நாளைச் சேர்ந்தது. தினமும் ஆன் ஆகும்படி வைத்தால் பிரச்சினை இல்லை. ஒரு குறிப்பிட்ட தேதிக்கோ கிழமைக்கோ வைத்தால் ஒரு நாள் முன்னதாக வைக்க வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை என்றால் பயாஸில் ஞாயிறு.

உங்கள் கம்ப்யூட்டரில் எப்படி என்று அறிய எளிய வழி உண்டு. பயாஸைத் திறந்து அங்கே காட்டும் மணியை உங்கள் போனோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் உள்ளூர் நேரம். ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் உலகப் பொது நேரம், கழித்துத்தான் வைக்க வேண்டும். பயாஸ் நேரத்தைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். லினக்ஸ் அடுத்த முறை அதைத் திரும்ப மாற்றிவிடும்.

லினக்ஸில் பயாஸுக்குள் போகாமலே அலாரம் வைக்க ‘ஆர்டிசிவேக்’ என்ற கட்டளை இருக்கிறது. இத்தனை மணிக்கு எழுந்திரு என்று சொல்லி, அப்போதே ஷட் டவுன் செய்யவும் அதனாலேயே முடியும். நேர வித்தியாசத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அது ஒரு முறைக்கு மட்டும். ஒவ்வொரு முறை அணைக்கும் முன்பும் அடுத்த நாளுக்கு வைக்க வேண்டும், அதை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதிவைத்துவிடலாம்.

ஸ்லீப்பில் இருந்தால்

விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வேலையை உருவாக்கி, கண்டிஷன்ஸ் பகுதியில் ‘வேக் தி கம்ப்யூட்டர் டு ரன் திஸ் டாஸ்க்’ என்பதை டிக் செய்தால், ஸ்லீப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் எழும். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் ‘அலவ் வேக் டைமர்ஸ்’ எனேபிள் ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டரை இதனால் எழுப்ப முடியாது. ஸ்லீப்பில் ரேம் என்ற தற்காலிக நினைவகம் மின்சாரத்தோடு இருக்கிறது, விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. ஷட் டவுனில் விண்டோஸே இல்லை. அதனால் ஸ்லீப் என்றால் டாஸ்க் ஷெட்யூலர், ஷட் டவுன் என்றால் பயாஸ்.

என்னைக் கேட்டால், கடைக்கும் பள்ளிக்கும் பயாஸ் முறைதான் நல்லது. ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடும், சேமிக்காத ஃபைலும் போச்சு. நம் ஊர் கரண்டை நம்பி இரவு முழுவதும் ஸ்லீப்பில் விட எனக்கு மனம் வராது.

லேப்டாப்பில் கொஞ்சம் கவனம் வேண்டும். வீட்டு உபயோக லேப்டாப்கள் பலவற்றின் பயாஸில் இந்த வசதி கிடையாது. அலுவலகத்துக்கென்று வரும் மாடல்கள் சிலவற்றில் இருக்கும். பைக்குள் வைத்த லேப்டாப் தானே ஆன் ஆனால் காற்றோட்டம் இல்லாமல் கொதிக்க ஆரம்பித்துவிடும், அதனால் மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு மட்டும் வையுங்கள். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் 2022இல் வந்த வென்சுரா பதிப்போடு இதற்கான செட்டிங் திரை காணாமல் போனது. கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினலில் ‘பிஎம்செட்’ கட்டளையால் இன்னும் வைக்கலாம்.

கரண்ட் இல்லாத நேரத்தில் அலாரம் வந்தால்

அலாரம் ஒரே ஒரு முறைதான் அடிக்கும். சரியாக அந்த நிமிடத்தில் கரண்ட் இல்லை என்றால், பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. அடுத்த நாள்தான்.

இதற்குப் பயாஸில் இன்னொரு செட்டிங் இருக்கிறது. ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ அல்லது ‘ஏசி பேக்’ என்ற மாதிரிப் பெயரில் இருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. பவர் ஆஃப் என்று வைத்தால் அணைந்தே கிடக்கும். பவர் ஆன் என்றால் கரண்ட் வந்த உடனே ஆன் ஆகும். லாஸ்ட் ஸ்டேட் என்றால் போவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி. மெயினை அணைத்தே தீருவேன் என்பவர்களுக்குப் பவர் ஆன் பொருந்தும். காலையில் கடைக்குள் நுழைந்து மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டர் தானே கிளம்பிவிடும், ஷட்டரை முழுதாகத் தூக்கிக் கூட்டிப் பெருக்குவதற்குள் தயாராகிவிடும். ஜெராக்ஸ் அக்கா கடைசியில் இதைத்தான் வைத்துக்கொண்டார்.

யுபிஎஸ் இல்லாத இடத்தில் பவர் ஆன் வைப்பதை நான் விரும்புவதில்லை. மழைக்காலத்தில் கரண்ட் வந்து, போய், மறுபடி வந்து விளையாடும். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் ஆன் ஆகப் பார்த்து, பாதியில் அணைந்தால் ஹார்ட் டிஸ்க்கும் விண்டோஸும் கெட்டுப்போகும்.

ஆன் ஆவதோடு கதை முடிவதில்லை. பாஸ்வேர்டு கேட்டு நின்றால் பாட்டு ஓடாது. கோயில் கம்ப்யூட்டர் போல யார் கணக்கும் உள்ளே இல்லாத இடத்தில் தானாக லாகின் ஆகும்படி வைக்கலாம். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல் கிடக்கும் ஜெராக்ஸ் கடையில் அப்படிச் செய்யவே கூடாது. அங்கே லாகின் திரை வரை வந்து நின்றால் போதும், பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள். கீபோர்டு செருகாமல் விட்டால் சில கம்ப்யூட்டர்கள் எஃப்1 அழுத்தச் சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஸ்பீக்கருக்கு ப்ளூடூத்தை நம்ப வேண்டாம், ஒயர் போட்டுவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரும் அந்த நேரத்தில் ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆன் ஆக நேரம் வைத்தால் அணையவும் நேரம் வையுங்கள். டாஸ்க் ஷெட்யூலரிலேயே இரவு எட்டு மணிக்கு ஷட் டவுன் ஆகும்படி ஒரு வேலை வைத்துவிடலாம். விடுமுறை நாளில் ஆளே இல்லாமல் ஆன் ஆன லேப் கம்ப்யூட்டர்கள் நாள் முழுக்க ஓடாமல் இருக்கும்.

எல்லாவற்றையும் வைத்த பிறகு மறுநாள் காலை வரை காத்திருக்காமல் உடனே சோதித்துப் பாருங்கள். பயாஸ் கடிகாரத்தைப் பார்த்து, அதிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளி அலாரம் வையுங்கள். சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். விண்டோஸ் முழுதாக வந்ததும் ஸ்டார்ட் மெனு வழியாக முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள். பின்பக்கம் நெட் கேபிள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கிறது. நேரம் வந்தும் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் கடிகாரம், அடுத்து இஆர்பி, அப்புறம் தேதி இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்ற வரிசையில் தேடுங்கள்.

கடைசியாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகும் காலத்துக்கு ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ என்று பெயரிடப்பட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. அப்படி எச்சரிக்கை வரும் நாளில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், நெட் கேபிளையும் கழற்றுங்கள், தரையில் இருக்கும் சிபியு பெட்டியை மேசை மேல் ஏற்றிவிடுங்கள். மாதக் கணக்கில் பிளக் இல்லாமல் கிடந்தாலும் நல்ல நாணயப் பேட்டரி நேரத்தைக் காப்பாற்றும், வைத்த அலாரமும் அழியாது. ஆனால் சில போர்டுகளில், பிளக்கைத் திரும்பச் செருகியதும் ஒரு முறை கையால் ஆன் செய்து, முறைப்படி ஷட் டவுன் செய்த பிறகுதான் அலாரம் மறுபடி வேலை செய்யும். கரண்ட் சீராக வந்த அன்று அதைச் செய்துவிடுங்கள்.